இருபத்தேழு வேண்டாம், பதினாலை எடு

திங்கட்கிழமை, மாலை

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் சுகம். நீ சுகமா என்பது நீ எழுதினால்தானே தெரியும்? போன கடிதத்தில் மொத்தம் மூன்று வரி. அதில் ஒரு வரி மழையைப் பற்றி. பட்டாளத்தில் பேனா மைக்கும் ரேஷன் போட்டுவிட்டார்களா?

அப்பாவுக்குக் காது இன்னும் மந்தமாகிவிட்டது. ரேடியோவை மடியில் தூக்கி வைத்துக்கொண்டுதான் செய்தி கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் சைக்கிளை வெளியே எடுத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, மறுபடி உள்ளே தள்ளி வைக்கிறார். ஓட்ட ஆளில்லாத சைக்கிளுக்கு எதற்கு இத்தனை சீராட்டு என்று கேட்டேன். "சும்மா நிக்கிற வண்டிக்குத்தான் துரு பிடிக்கும்" என்றார். உன்னைப் பற்றி அவர் பேசுவது அவ்வளவுதான். நீயே புரிந்துகொள்.

இப்போது என் சேதிக்கு வருகிறேன். எட்டு மாதமாக அரசாங்க வேலை, தையல் சம்பந்தப்பட்ட வேலை என்று உனக்குப் பூசி மெழுகி எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் பாராசூட் மடிக்கிறேன். சிரிக்காதே. வீட்டில் உன் சட்டையை மடிக்கச் சொன்னால் சுருட்டி மூலையில் எறிகிறவள்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே என்னைவிட வேகமாக மடிக்க ஆள் கிடையாது.

எங்கள் கூடத்தைப் பார்த்தால் உனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். அவ்வளவு சுத்தம். எத்தனை புழுக்கமானாலும் ஜன்னலைத் திறக்கக் கூடாது, காற்றாடி போடக் கூடாது, துணி பறக்குமாம். மோதிரம், வளையல் எதுவும் கூடாது. நகம் வெட்டியிருக்கிறோமா என்று தினமும் காலையில் கையை நீட்டிக் காட்ட வேண்டும். காட்டுவது எங்கள் மேற்பார்வையாளரிடம். கழுத்தில் விசிலோடு அலைவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். மேஜை ஒவ்வொன்றும் நம் தெருவில் பாதி நீளம் இருக்கும். அதில் குடைத்துணியை நீட்டி, கயிறுகளைச் சிக்கெடுத்து, மடிப்பு மடிப்பாகப் புரட்டி அடுக்க வேண்டும். அடுக்கிய மடிப்பு வழுக்கி ஓடிவிடாமல் இருக்க ஈயக்குண்டு அடைத்த சின்னச் சின்னப் பைகளை மேலே வைப்போம். அதற்கு இங்கே குட்டி என்று பெயர். ஆளுக்கு ஆறு குட்டி. ஒவ்வொரு பாராசூட்டையும் மூடிக் கட்டுமுன் ஆறையும் எடுத்து எதிரே உள்ள கொக்கியில் மாட்டிவிட வேண்டும். குட்டி உள்ளே தங்கிவிட்டால் துணி விரியாது. விரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை.

மடித்து முடித்ததும் பையின் ஓரத்திலுள்ள சிறிய உறையில் ஒரு சீட்டு வைப்போம். மடித்த தேதி, மடித்தவரின் எண். பெயர் எழுதக் கூடாது. என் எண் இருபத்தேழு.

போன வாரம் லாரி வந்து நின்றபோது பின்கதவில் உன் பட்டாளத்தின் எண்ணைப் பார்த்தேன். எத்தனை நாளாக நீ என் மடிப்பில் குதித்துக்கொண்டிருக்கிறாயோ, எனக்குத் தெரியாது. எது யாருக்குப் போகும் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். கேட்டால் விசிலுக்குக் கோபம் வரும். அதனால் நான் ஒன்று சொல்கிறேன், யாரிடமும் மூச்சு விடாதே. கிடங்கில் பை வாங்கும்போது சீட்டைப் பார். இருபத்தேழைப் பார்த்து எடு. வேறு யாருடையதும் வேண்டாம். அக்கா உனக்காக மடித்தது என்று நினைத்துக்கொண்டு குதி.

அடுத்த கடிதம் நாலு வரியாவது இருக்கட்டும்.

உன் அக்கா


ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் செல்லத் தம்பிக்கு,

ஆறு பக்கம்! அப்பாவிடம் சத்தம் போட்டு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கேட்டுவிட்டார்கள், வேறு வழியில்லை.

போன குளிர்காலத்தில் நீங்கள் குதித்த கதையை இப்போதாவது எழுதினாயே. பட்டாளம் முழுக்க ஓரிடத்தில் இறங்க வேண்டியது, காற்றடித்து ஆளுக்கொரு திக்காகச் சிதறிப்போனதும், நீயும் உன் சிநேகிதன் நெட்டையும் மூன்று நாள் வாய்க்கால் தண்ணீரில் இடுப்பளவு நின்றதும், ஒரு பிஸ்கட்டை நான்கு பேர் நக்கித் தின்றதும் படித்த கையோடு கடைக்குப் போய் பிஸ்கட் வாங்கி வந்தேன். அடிபட்டவரைக் குடைத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள் என்று எழுதியிருந்தாய். அப்படி ஒன்று எங்களிடம் திரும்பி வந்தது. சலவைப் பிரிவில் மூன்று தரம் துவைத்தும் கறை போகவில்லை. அது உங்களுடையதாக இருக்குமோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். அப்பா, நான் அந்தப் பக்கத்தைப் படித்தபோது மட்டும் காது கேட்காதது போல் எழுந்து சைக்கிளிடம் போய்விட்டார்.

நீ அனுப்பிய சீட்டைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. என் இருபத்தேழாம் எண் சீட்டின் பின்பக்கம் "மேற்படி பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நானும்" என்று ரசீது எழுதி அனுப்பியிருக்கிறாயே, உன் குறும்புக்கு அளவே இல்லை. மறுநாள் அதை எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரிடமும் காட்டினேன். இந்தக் கூடத்தில் இதுவரை யாருக்கும் சீட்டு திரும்பி வந்ததில்லை. குதித்தவர்கள் பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள், சீட்டை யார் தேடுவார்கள்? கை மாறி மாறிப் போய் மூலையெல்லாம் மடங்கிப்போயிற்று.

பையன்கள் இப்போது இருபத்தேழுக்கே அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். "எனக்கு ஒரு அக்கா குடுங்க" என்று வரிசையில் நின்று கேட்கிறார்களாம். கிடங்குக்காரர், "சொந்தக்காரங்களைப் பாக்கணும்னா லீவு போட்டு வீட்டுக்குப் போங்கடா" என்று விரட்டுகிறாராம். யாரிடமும் மூச்சு விடாதே என்று சொன்னேன், நீ ஊரைக் கூட்டியிருக்கிறாய். சரி, போகட்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஆளுக்கு ஒன்றாவது கிடைக்கட்டும் என்று வேகத்தைக் கூட்டிவிட்டேன். முன்பெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து. இப்போது பதினைந்து.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. எனக்கு அடுத்த மேஜையில் ஒருவர் இருக்கிறார். போருக்கு முன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். டீச்சர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவருடைய எண் பதினான்கு. தனி ஆள். பட்டாளத்தில் அவருக்கு யாரும் கிடையாது. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் மடிக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் குட்டியை வாய்விட்டு எண்ணுவார், ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருப்பது போல எங்களுக்குச் சிரிப்பு வரும். உன் சீட்டு அவர் கைக்குப் போனதும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பிக் கொடுக்கும்போது, "அப்போ நான் மடிக்கிறதெல்லாம் யாருக்கும்மா?" என்று கேட்டார். வருத்தமாகக்கூட இல்லை, வழி கேட்பது போலக் கேட்டார். சீட்டை வாங்கி மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து உங்கள் கிடங்கிலிருந்து பதினொரு பை திரும்பி வந்தது. எல்லாம் பதினான்காம் எண். யாரும் எடுப்பதில்லையாம். விசில் டீச்சரை அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தார். அவர் பதினொன்றையும் பிரித்துப் போட்டு, ஒரு பழுதும் இல்லை என்று காட்டிவிட்டு, மறுபடி மடித்து உங்களுக்கே அனுப்பினார். இரண்டு நாள் அதற்கே சரியாகிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது. நான் உனக்கு மட்டும்தான் சொன்னேன், ஊரே அப்படி நினைக்கும் என்று கண்டேனா?

நெட்டையை விசாரித்ததாகச் சொல். பிஸ்கட் அனுப்புகிறேன், நக்காமல் கடித்துத் தின்னச் சொல்.

உன் அக்கா


வியாழக்கிழமை, காலை

தம்பி,

இதில் கேலி எதுவும் இல்லை. முதலில் இந்த ஒரு வரியைப் படி. உன்னிடம் இருக்கிற இருபத்தேழைப் போட்டுக்கொண்டு குதிக்காதே.

செவ்வாய்க்கிழமை மாலை குட்டிகளை ஒப்படைக்கும்போது என் கொக்கியில் ஐந்துதான் இருந்தது. மேஜைக்கு அடியில், துணிக்கூடையில், என் மேலங்கிப் பையில், எங்கும் தேடினேன். இல்லை. ஒவ்வொன்றுக்கும் எண்ணியிருந்தால் எதில் போனது என்று தெரிந்திருக்கும். நான் எண்ணுவதை விட்டு மூன்று வாரம் ஆகிறது. பதினைந்து மடிக்க வேண்டுமே, எண்ணிக்கொண்டிருந்தால் முடியுமா என்று சாயங்காலம் ஒரே தடவை பார்த்துக்கொள்வேன். அதனால் அன்றைக்கு மடித்த பதினைந்தில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. பதினைந்தும் அதற்குச் சற்று முன்புதான் லாரியில் ஏறி உங்களிடம் வந்துவிட்டன.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நிமிஷம், அலமாரியில் உபரிக் குட்டிகள் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றை எடுத்து என் எண்ணைக் குத்திக் கொக்கியில் மாட்டினால் யாருக்கும் தெரியாது. கை அந்தப் பக்கம் போகக்கூடப் போயிற்று. அப்போதுதான் நீ என் எண்ணைத் தேடித் தேடி எடுப்பாய் என்பது உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்ததுதானே அது. ஓடிப்போய் விசிலிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நேராக டெலிபோனை எடுத்தார்.

உங்கள் கிடங்குக்காரர் அன்றைய இருபத்தேழு எல்லாவற்றையும் திரும்பக் கேட்டிருக்கிறார். பையன்கள் மிரண்டுவிடக் கூடாது என்று காரணம் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு நடந்துவிட்டது. நேற்றுக் காலைக்குள் அந்தப் பதினைந்தில் பதினான்கு பை கிடைத்தது, பிரித்துப் பார்த்தார்கள், எதிலும் குட்டி இல்லை. பதினைந்தாவது யாரிடம் என்று எவரும் வாய் திறக்கவில்லையாம்.

யாரிடம் என்று எனக்குத் தெரியும். சின்ன வயசில் யாருக்கும் பங்கு கொடுக்க மனமில்லாத எதையும் நீ கட்டிலுக்கு அடியில்தான் ஒளித்து வைப்பாய். அக்கா மடித்ததைப் பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்திருப்பாய். விசிலிடம் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உனக்குத் தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை, நீ உயிரோடு அதை அனுபவி. ஆனால் அவர் மறுபடி கூப்பிட்டபோது டெலிபோனை யாரும் எடுக்கவில்லை. முகாமைப் பூட்டிவிட்டார்களாம், நீங்கள் எல்லாரும் புறப்படும் வரை உள்ளே எந்த அழைப்பும் போகாதாம். கடிதப்பை மட்டும் போகும் என்றார். உறைமேல் அவரே முத்திரை குத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வண்டி வாசலில் நிற்கிறது, டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டார்.

அதனால் இப்போதே, இந்தத் தாளைக் கீழே வைக்குமுன், அந்தப் பையை வெளியே இழுத்துப் பிரி. குட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதை மறுபடி போட்டுக்கொள்ளாதே. கிடங்குக்குப் போய்ப் பதினாலை எடு. யாரும் தொடாததால் நிறைய இருக்கும். நெட்டையிடமும் மற்றவர்களிடமும் சொல். டீச்சர் ஒவ்வொன்றையும் எண்ணித்தான் மூடுவார். செவ்வாய்க்கிழமை நான் கொக்கிக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, "அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், வாம்மா, எண்ணலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். முந்தைய நாட்களில் நான் மடித்துக் கூடத்தில் மீதியிருந்த பைகள் அத்தனையையும் என்னோடு உட்கார்ந்து பிரித்தார். நான் அவரைப் பார்த்து எத்தனை சிரித்திருக்கிறேன்!

இருபத்தேழு எடு என்று எழுதியது நான். அந்தக் கையாலேயே எழுதுகிறேன். இருபத்தேழு வேண்டாம்.

அக்கா


சனிக்கிழமை

என் கண்ணான தம்பிக்கு,

இது உன் கைக்கு எப்போது வரும் என்று தெரியவில்லை. பட்டாளத்தின் எண்ணை மட்டும் எழுதினால் போதும், எங்கே இருந்தாலும் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்றார் தபால் ஆபீஸில். சேர்க்கட்டும்.

நேற்று ஒரு பார்சல் வந்தது. உன் கையெழுத்து இல்லை என்றதும் பிரிக்கவே பயந்தேன். டீச்சர்தான் கத்தரியை எடுத்து வெட்டினார். உள்ளே என் குட்டி இருந்தது. ஈயக்குண்டு அடைத்த, ஓரத்தில் இருபத்தேழு என்று மை குத்திய, என்னுடைய ஆறாவது குட்டி. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அரைக் கிலோகூட இருக்காது, தூக்க முடியவில்லை.

அதோடு நெட்டையின் கடிதம். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறானாம். உனக்குத் தெரியுமோ தெரியாதோ, அதனால் எழுதுகிறேன், பிழைத்துக்கொண்டான், நடப்பான். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். என் கடிதம் வந்தபோது நீங்கள் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தீர்களாம். நீ படித்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துக் கட்டை அறுத்தாயாம். மடிப்புக்குள், கயிறுகளுக்கு நடுவில் குட்டி உட்கார்ந்திருந்ததாம். நீ முதலில் சிரித்தாயாம். அப்புறம் அதை மடியில் வைத்து ஓரத்து எண்ணைத் தடவிக்கொண்டே இருந்தாயாம். நெட்டை பயந்து போய், "என்னடா, அக்கா மேல கோவமா?" என்று கேட்டானாம். அதற்கு நீ, "இல்லடா, அவ இப்ப சாப்பிடாம உக்காந்திருப்பா. இதை எப்படியாவது அவகிட்ட சேர்த்துடணும்" என்று சொன்னாயாம். அந்த இடத்துக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை டீச்சர்தான் படித்தார்.

முகாமிலிருந்து தபால் வெளியே போகாது என்பதால் நெட்டை அதைத் தன் பையில் போட்டுக்கொண்டே குதித்திருக்கிறான். யார் முதலில் போர்முனையிலிருந்து திரும்புகிறானோ அவன் வாங்கிப்போய் அனுப்ப வேண்டும் என்று பேசிக்கொண்டீர்களாமே. நீ கிடங்கில் போய்ப் பதினாலு கேட்டதையும், கிடங்குக்காரர் முழித்ததையும், உன் பின்னால் வரிசையே பதினாலு கேட்டதையும் எழுதியிருந்தான். அந்த இடத்தில் டீச்சர் படிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி அந்த வரியையே படித்தார்.

நீ அவனுக்கு முன்னால் குதித்தாயாம். உன் குடை முழுசாக விரிந்ததைப் பார்த்தானாம். நீ அண்ணாந்து அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாயாம். கீழே வந்து விழுந்ததும் அவன் கால் முறிந்தது, படகில் ஏற்றி ஆற்றைக் கடத்திக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு உன்னைப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறான்.

நீ குதித்து இன்றோடு இருபத்து நான்கு நாள். பட்டாளம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விடவில்லை, இன்னும் உதவிப் படை போய்ச் சேரவில்லை என்று ரேடியோவில் சொல்கிறார்கள். தினமும் அதையேதான் சொல்கிறார்கள். அப்பாவுக்கு எப்படியோ அது மட்டும் காதில் விழுகிறது. இப்போதெல்லாம் சைக்கிளைத் துடைத்து உள்ளே தள்ளுவதில்லை. வாசலில், தெருவைப் பார்த்து நிறுத்தி வைத்திருக்கிறார். மழை வந்தால் தார்ப்பாய் போடுகிறார். யார் களவாடுவார்கள் என்று கேட்டேன், "பூட்டியிருக்கேன்ல" என்றார். சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்.

என்னை மேஜையை விட்டு எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். ஒரு மாதம் சலவைப் பிரிவில் இருந்துவிட்டு மறுபடி பரீட்சை எழுத வேண்டும். விசில் என் எண்ணைப் பிடுங்கவில்லை, எண் முத்திரையைப் பூட்டி வைத்திருக்கிறார். மத்தியானத்துக்கு மேல் டீச்சருக்கு ஒத்தாசையாக நிற்க அனுமதி கொடுத்திருக்கிறார். நான் கயிறு பிடிக்கிறேன், அவர் மடிக்கிறார். இருவரும் சேர்ந்து ஆறு வரை சத்தமாக எண்ணுகிறோம். யாராவது சிரித்தால் நான் முறைக்கிறேன். ஒரு நாள் அவரிடம் கேட்டேன், யாருக்கென்றே தெரியாமல் இத்தனை வருஷம் எப்படி மடித்தீர்கள் என்று. "பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பேரைப் பாப்பாங்களா?" என்றார். அவ்வளவுதான் பதில். இத்தனை நாள் நான் பேரைப் பார்த்துத்தான் மடித்துக்கொண்டிருந்தேன் தம்பி. ஒரே ஒரு பேரை.

நெட்டையின் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவர் மெதுவாக ஒன்று கேட்டார். உனக்கு எழுதும்போது சேர்த்து எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நீ போட்டுக்கொண்டு குதித்த பையில் ஒரு சீட்டு இருந்திருக்கும், பதினான்காம் எண். அவருக்கு இதுவரை ஒரு சீட்டும் திரும்பி வந்ததில்லை. வயலில் கிடக்கும், தண்ணீரில் போயிருக்கும், அதெல்லாம் அவருக்கும் தெரியும். ஆனாலும் உன் சட்டைப் பையில் இருந்தால் என்று கேட்டார். இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். என் தம்பி சீட்டை விடமாட்டான் என்று அடித்துச் சொன்னேன். என்னைப் பொய்யாக்கிவிடாதே.

பின்பக்கம் அந்த ரசீதை எழுது. அவருக்கும் அதேபோல எழுது, ஒரு வார்த்தை குறையாமல். தபாலில் மட்டும் போடாதே. இந்தப் போர்க்காலத் தபாலை நம்ப முடியாது, எங்கேயாவது தொலைந்துவிடும். நீயே கையில் எடுத்துக்கொண்டு வா. கூடத்து வாசலில் நின்று பதினான்காம் எண் யார் என்று கேள். நான் காட்டுகிறேன்.

உன் வரவுக்காக நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
அக்கா